ரிப்பன் மாளிகையிலிருந்து பேரவை நாற்காலிக்கு: ஜே. சிவசண்முகம் பிள்ளையும் நமது பிரதிநிதித்துவமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எம். சி. ராஜாவின் நினைவைப் போற்றும் இந்தக் கூட்டத்தில் ராஜாவைப் பற்றி மட்டுமே பேசினாலும் பொழுது போதாது. பறங்கிமலையில் 1883இல் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, சென்னைச் சட்டமன்றத்தில் நம் குரலை முதன்முதலில் எழுப்பியவர் அவர். ஆனால் இன்று அவர் வழியாக இன்னொருவரிடம் உங்களை அழைத்துப்போக விரும்புகிறேன். 1930இல் ராஜா உயிரோடு இருக்கும்போதே அவருடைய வாழ்க்கையையும் எழுத்துகளையும் பேச்சுகளையும் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வந்தது. தொகுத்தவருக்கு அப்போது வயது 29. பெயர் ஜே. சிவசண்முகம் பிள்ளை.

நூல் வந்து 7 ஆண்டுகளில் அவர் சென்னையின் மேயரானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். 1946இல் சென்னைச் சட்டப்பேரவையின் தலைவரானார். அந்த நாற்காலியிலும் நம்மில் முதல்வர் அவர்தான். 1955 வரை, நாடு விடுதலை அடைவதற்கு முன்பும் பின்பும், அதில் இருந்தார். இவ்வளவு பெரிய பயணம் செய்தவரின் பெயர் நம் மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது. அவருக்கு ஒரு புகழாரம் சூட்டிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. நகர மன்றத்தில் உட்கார்ந்த ஒருவர் மாகாண அரசியலுக்குப் போகும்போது என்ன கிடைக்கிறது, என்ன கைநழுவுகிறது என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கையை வைத்துக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இன்றைக்கும் நம் இளைஞர்கள் வார்டில் ஜெயித்தவுடன் அடுத்தது எம்.எல்.ஏ. என்றுதான் கனவு காண்கிறார்கள். கனவு தவறல்ல. அந்தப் பாதையில் முன்பே போனவர்களின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வார்டு கற்றுத்தரும் அரசியல்

கவுன்சிலர் பதவியைச் சிறியது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தீண்டாமை அன்றாடம் நிகழும் இடங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். குழாயடி, கிணறு, தெரு, சாக்கடை, சுடுகாடு, தொடக்கப்பள்ளி, சந்தை, பொதுக் கழிப்பிடம். இவற்றில் பெரும்பாலானவை அன்றும் இன்றும் ஸ்தல ஸ்தாபனங்களின் கையில்தான் இருக்கின்றன. குழாய் எந்தத் தெருமுனை வரைக்கும் வரும், விளக்குக் கம்பம் எங்கே நின்றுபோகும் என்று முடிவெடுக்கும் இடம் நகர மன்றம். சேரிக்கு ஒரு அடி முன்னால் குழாய் நின்றுபோனால் அது தற்செயல் இல்லை என்பது நமக்குத் தெரியும். அதைக் கேட்கும் வாய் அந்த மன்றத்துக்குள் இருக்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி பழமையானது, 1688இல் தொடங்கியது. மேயர் பதவி மீண்டும் உருவாக்கப்பட்டது 1933இல். அந்தக் காலத்தில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்கள் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓராண்டில் ஒரு மேயர் எவ்வளவு செய்துவிட முடியும் என்று கேட்கலாம். ஆனால் ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடத்தில் மேயர் அங்கியோடு ஒரு தாழ்த்தப்பட்டவர் உட்கார்ந்தார், மாநகரின் பெரிய மனிதர்கள் எழுந்து அவரை விளித்துப் பேச வேண்டியிருந்தது என்பது 1937இல் சிறிய விஷயம் அல்ல. அதே ஆண்டில் நம் மக்களில் பெரும்பாலோர் கோயில் வாசலுக்கே போக முடியாமல் இருந்தார்கள்.

வார்டில் இன்னொரு பாடமும் உண்டு. கவுன்சிலர் தன் வாக்காளர்களின் கண்முன்னே வாழ்கிறார். தண்ணீர் வரவில்லை என்றால் விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. மாகாண அரசியலுக்குப் போகும்போது இந்தத் தெளிவுதான் முதலில் கலைகிறது.

நியமன உறுப்பினர்கள் சாதித்தவை

நம்மவர்கள் மாகாண மன்றத்துக்குள் நுழைந்தது தேர்தல் வழியாக அல்ல, நியமனம் வழியாக. 1919ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்காக 5 நியமன இடங்கள் ஒதுக்கப்பட்டன. ராஜா அப்படித்தான் உள்ளே போனார். இரட்டைமலை சீனிவாசன் 1923இல் போனார்.

நியமனம் என்றால் கவர்னரின் தயவு. பின்னால் வாக்காளர்கள் இல்லை. ஆனாலும் அந்தச் சில பேர் செய்த வேலையைப் பாருங்கள். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதும் வழக்கத்தை நிறுத்தி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை ராஜா கொண்டுவந்தார். 1922இல் அரசாணை வந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் தாழ்த்தப்பட்டோரை எவரும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் கொண்டுவந்தார். அதே ஆண்டில் அதுவும் அரசாணையானது.

இந்த இரண்டாவது ஆணை எதைப் பற்றியது என்று கவனியுங்கள். சாலை, கிணறு, குளம், சத்திரம். எல்லாம் உள்ளூர்ச் சங்கதிகள். மாகாண மன்றத்தில் நின்று சீனிவாசன் பேசியது தெருவைப் பற்றி. தெருவை ஆளும் இடத்தில் நம்மவர்கள் இல்லாததால், மாகாணத்திலிருந்து ஆணை வாங்கிவந்து தெருவில் காட்ட வேண்டியிருந்தது. ஆணை வந்தது. அதை அமல்படுத்த வேண்டிய நகராட்சியிலும் தாலுகா போர்டிலும் உட்கார்ந்திருந்தவர்களோ, நம்மைக் கிணற்றிலிருந்து விரட்டியவர்களும் அவர்களுடைய உறவினர்களும். மேலே வாங்கியது கீழே வந்து சேராத கதை அன்றே தொடங்கிவிட்டது.

30 இடங்களும் 26 பேரும்

1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதி போனது. கூட்டுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் வந்தன. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள். இதற்கு முன்பே அதே ஆண்டில் ராஜா, இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஏற்றிருந்தார். அம்பேத்கரோடு அவர் பெரிதும் முரண்பட்ட தருணம் அது. அதை மறைத்துவிட்டு ராஜாவுக்கு நினைவு நாள் கொண்டாடுவது அவருக்கும் மரியாதை அல்ல, நமக்கும் நல்லதல்ல.

ஒப்பந்தத்தில் ஒரு முதற்கட்டத் தேர்தலும் இருந்தது. ஒதுக்கப்பட்ட தொகுதியில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து 4 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து இறுதியாகத் தேர்ந்தெடுப்பார்கள். முதற்கட்டத்தில் நம் மக்கள் யாரை முதலாவதாக நிறுத்தினாலும், நால்வரில் கடைசியாக வந்தவரை மற்றவர்கள் தூக்கி நிறுத்திவிட முடியும். சேரி யாரை நம்புகிறது என்பது ஒரு கணக்கு. ஊர் யாரைப் பொறுத்துக்கொள்கிறது என்பது இன்னொரு கணக்கு. இறுதியில் செல்லுபடியானது இரண்டாவது கணக்கு.

1937 தேர்தலில் சென்னைப் பேரவையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. ஒதுக்கப்பட்ட 30 இடங்களில் 26 காங்கிரசுக்குப் போயின. எண்ணிக்கையில் இது பெரும் முன்னேற்றம். 5 நியமன உறுப்பினர்கள் இருந்த இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேர். இனி நம் குரல் ஓங்கி ஒலிக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

1938: ஒரு மசோதாவின் கதை

அந்தப் பேரவையில் ராஜாவும் உறுப்பினர். ஆளுங்கட்சி வரிசையில் அல்ல. 1938இல் அவர் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, பொது இடங்களிலும் பொது வசதிகளிலும் தாழ்த்தப்பட்டோர் மீதிருந்த தடைகளை நீக்குவது. அது நிறைவேறிச் சட்டமானது. இரண்டாவது, கோயில் நுழைவு மசோதா.

பிரதமர் ராஜாஜி. அன்று மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். ஹரிஜன சேவையின் பெரும் பேச்சாளர். ஆனால் மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டத்துக்கு இது நேரமல்ல என்றார். மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் போதும் என்றார். ராஜா பின்வாங்கவில்லை. காங்கிரஸ் பெரும்பான்மை அவருடைய மசோதாவை வீழ்த்தியது. அந்தப் பெரும்பான்மைக் கட்சியின் உறுப்பினர்களாகத்தான் ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்ற 26 பேரும் பேரவையில் இருந்தார்கள். கட்சிக் கட்டுப்பாடு என்ற ஒரு சொல் போதும், கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகத்தின் 26 பிரதிநிதிகளும் அந்த வாசலைத் திறக்கும் மசோதாவின் பக்கம் நிற்க முடியாமல் போவதற்கு.

அடுத்த ஆண்டு 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது. வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர்கள் உள்ளே போனார்கள். கக்கனும் அதில் ஒருவர். அதன்பிறகு அதற்குப் பாதுகாப்பாகச் சட்டமும் வந்தது. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லும். ஓராண்டுக்கு முன்னால் ஒரு தாழ்த்தப்பட்டவர் அதே உரிமையை உரிமையாகவே சட்டமன்றத்தில் கேட்டார், அவர் தோற்கடிக்கப்பட்டார் என்பதை எத்தனை புத்தகம் சொல்கிறது? நாம் கேட்டால் நேரமல்ல. அவர்கள் கொடுத்தால் புரட்சி. வரலாறு எழுதப்படும் முறை இது.

வாக்காளர்களே இல்லாத நியமன உறுப்பினர்கள் 1922லும் 1924லும் பேசியதைத் தேர்தலில் வென்ற 26 பேரால் 1938இல் பேச முடியவில்லை. இதிலிருந்து நியமனமே மேல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கவர்னர் நினைத்தால் அடுத்த முறை பெயரை நீக்கிவிடலாம். நான் சொல்வது வேறு. ஒருவரை யார் உள்ளே அனுப்பினார்கள், யாரால் வெளியே தள்ள முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அவர் என்ன பேசுவார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ராஜாவே இதைக் கண்டுகொண்டார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போய் கிரிப்சைப் பார்த்தார்கள். 10 ஆண்டுகளுக்கு முன்பு எதிரெதிரே நின்ற இருவரையும் ஒன்றாக நிற்கவைத்தது அந்த 10 ஆண்டுகளின் அனுபவம்.

சிவராஜ் வந்த எதிர்ப்பாதை

இதே காலத்தில் என். சிவராஜ் போன பாதையைச் சிவசண்முகம் பிள்ளையின் பாதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். சட்டக் கல்லூரிப் பேராசிரியர். 1926 முதல் 1936 வரை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தார். பிறகு மத்தியச் சட்டமன்றம். 1942இல் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் தலைவர். மாகாணத்தையும் மத்தியையும் பார்த்துவிட்ட அவர் 1945இல் சென்னை மேயரானார். அவருடைய துணைவியார் மீனாம்பாள் அம்மையாரும் மாநகராட்சியில் உறுப்பினராக இருந்து உழைத்தவர்.

மேயராக இருந்த தலைவரின் கூட்டமைப்பு 1946 மாகாணத் தேர்தலில் என்ன ஆனது? நாடு முழுவதும் ஒதுக்கப்பட்ட 151 இடங்களில் அது வென்றவை 2. சேரிகளில் அந்த அமைப்புக்கு ஆள் இல்லாததால் வந்த தோல்வி அல்ல இது. இறுதி வாக்கு யார் கையில் இருந்தது என்பதை முன்பே பார்த்தோம். அந்த 2 என்ற எண்ணைக் காட்டித்தான், நீங்கள் யாருக்கும் பிரதிநிதிகள் அல்ல என்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் காலத்தில் அம்பேத்கரை ஒதுக்கினார்கள்.

அதே 1946இல்தான் காங்கிரசின் சிவசண்முகம் பிள்ளை பேரவைத் தலைவரானார். தன் சமூகத்துக்கென்று தனியாக இயங்கிய அமைப்பு வீழ்ந்த ஆண்டும், அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர் பேரவையின் உச்ச நாற்காலிக்கு உயர்ந்த ஆண்டும் ஒன்றே. ஒருவரை உயர்த்திக் காட்டுவதும் ஒரு சமூகத்தின் அமைப்பை ஒதுக்கி வைப்பதும் ஒரே ஆண்டில், ஒரே அரசியலில் நடக்கக்கூடியவை. இது சிவசண்முகம் பிள்ளை மீதான குற்றச்சாட்டு அல்ல. தகுதியும் உழைப்பும் இல்லாமல் அந்த இடத்துக்கு எவரும் போயிருக்க முடியாது; நம்மவர் ஒருவர் இரண்டு மடங்கு தகுதி காட்டினால்தான் விடுவார்கள்.

பேச முடியாத நாற்காலி

பேரவைத் தலைவரின் வேலை என்ன? எல்லோரையும் பேசவைப்பது. அவர் விவாதத்தில் பேசக்கூடாது. வாக்களிக்கக்கூடாது, இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு வாக்கு உண்டு. ஆயிரமாண்டு பேசவிடாமல் வைக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் மேலே போகிறார். அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம், பேசாமல் இருக்க வேண்டிய இடம்.

1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது. 9 ஆண்டுகளுக்கு முன்பு ராஜா கேட்டது. அவர் 1943இல் மறைந்துவிட்டார். அவருடைய பேச்சுகளைத் தொகுத்தவர் பேரவைத் தலைவராக இருந்த காலத்தில் அந்தச் சட்டம் நிறைவேறியது. இதைவிட நிறைவான காட்சி ஒன்று நம் சட்டமன்ற வரலாற்றில் இல்லை என்று சொல்வேன்.

அடுத்த காட்சி அவ்வளவு எளிதானதல்ல. 1953இல் ராஜாஜி மீண்டும் முதல்வர். கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டும் படிப்பு, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செத்த மாட்டைத் தூக்குகிறவன் மகன், பண்ணையில் ஏர் பிடிக்கிறவன் மகன், மலம் அள்ளுகிறவள் மகள் மத்தியானத்துக்குப் பிறகு என்ன கற்றுக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியும்.

1953 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138. எதிர்ப்பு 138. சமம். எல்லாக் கண்களும் நாற்காலியை நோக்கித் திரும்பின. சிவசண்முகம் பிள்ளை தீர்மானத்துக்கு ஆதரவாகத் தன் வாக்கைப் பயன்படுத்தவில்லை. தீர்மானம் விழுந்தது.

இதை வைத்து அவரைத் துரோகி என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்லமாட்டேன். சமமாக வரும்போது அவைத்தலைவர் இருக்கிற நிலையை மாற்றும் பக்கம் சாயக்கூடாது, மாற்ற விரும்புகிறவர்கள் தாங்களே பெரும்பான்மை தேடிக்கொள்ள வேண்டும் என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலிருந்து வந்த மரபு. அந்த மரபின்படி அவர் நடந்துகொண்டதில் குறை காண முடியாது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவை ஆராயச் சொல்லும் இன்னொரு தீர்மானம் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறவும் செய்தது. 1954இல் காமராசர் ஆட்சி திட்டத்தையே கைவிட்டது. ஆகவே அவருடைய ஒரு வாக்கினால்தான் நம் பிள்ளைகளின் படிப்பு போனது என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த நிமிடத்தைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இருக்கிற நிலையைக் காப்பது நடுநிலை என்று மரபு சொல்கிறது. இருக்கிற நிலையே நமக்கு எதிரானதாக இருக்கும்போது நடுநிலை யார் பக்கம் நிற்கிறது? மரபை மீறினால், பார், இவர்களுக்கு நாற்காலி கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். மரபைக் காத்தால் நம் பிள்ளையின் பக்கம் நிற்க முடியாது. மேல்சாதியில் பிறந்த ஒரு பேரவைத் தலைவருக்கு இந்த இக்கட்டு இவ்வளவு கனமாக வந்திருக்காது. நம்மவர் மேலே போகும்போது அவர் தோளில் ஏற்றப்படும் கூடுதல் சுமை இது. வார்டில் இருந்தபோது அவருக்கு இந்தச் சுமை இல்லை. குழாய் வேண்டும் என்று கேட்டால் போதும்.

1955இல் அவர் மத்தியத் தேர்வாணைய உறுப்பினரானார். 1962 முதல் 1968 வரை மாநிலங்களவை உறுப்பினர். 1975இல் மறைந்தார். ஒவ்வொரு படியும் கௌரவமானது. ஒவ்வொரு படியும் தெருவிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம்.

அறுக்கப்பட்ட ஏணி

இந்தக் கதை பழையது என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். அதற்குப் பிறகு ஏணிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். 23 ஆண்டுகள் தலைநகரத்தில் கவுன்சிலர்களே இல்லை. ஒரு தலைமுறைச் சேரி இளைஞர்களுக்கு அரசியலின் முதல் படி இல்லாமல் போனது. மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்டு, வரவுசெலவுத் திட்டத்தைப் படித்து, அதிகாரியோடு மல்லுக்கட்டிப் பழகும் இடம் மூடிக்கிடந்தது. தனித்தொகுதிகளுக்கு வேட்பாளர்களைக் கட்சித் தலைமை மேலிருந்து பொறுக்கியெடுத்தது. தெருவில் வளராதவர், தலைமையின் கைவிரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர், தலைமையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்து 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது முதல் படியின் விலை என்ன என்பதை மேலவளவு காட்டியது. தனி ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை ஒரு தலித் தலைவர் நிலையாக உட்கார முடியவில்லை. சட்டப்பேரவையில் தனித்தொகுதி உறுப்பினர்களைப் பொறுத்துக்கொண்ட அதே ஊர்கள், ஊராட்சி மன்றத்தில் ஒரு தலித் தலைவரைப் பொறுக்கவில்லை. ஏன்? எம்.எல்.ஏ. தூரத்தில் இருப்பவர், அவரைக் கட்சி பார்த்துக்கொள்ளும். ஊராட்சித் தலைவர் கண்முன்னே இருப்பவர். ஏலத்தையும் குளத்தையும் சந்தையையும் பொதுநிலத்தையும் கையில் வைத்திருப்பவர். எந்த நாற்காலியில் உண்மையான அதிகாரம் இருக்கிறது என்பதை நம்மைவிட நன்றாக ஆதிக்க சாதிக்குத் தெரிந்திருக்கிறது.

அதன்பிறகும் 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. தேர்தல் நடந்து 2022 மார்ச்சில் பிரியா ராஜன் சென்னை மேயரானார். தலித் பெண் ஒருவர் அந்த அங்கியை அணிந்தது அதுவே முதல் முறை. சிவசண்முகம் பிள்ளைக்கும் அவருக்கும் இடையில் 85 ஆண்டுகள்.

மேல் படியிலும் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு. முதற்கட்டத் தேர்தல் எப்போதோ போய்விட்டது. சின்னம் யாருடையது என்பது இன்றைய கேள்வி. 2001இல் தொல். திருமாவளவன் கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நின்று மங்களூர்த் தொகுதியில் வென்றார். 2004இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். இன்னொரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் கண்ணில் அந்தக் கட்சியின் உறுப்பினர். அதன் கொறடா சொன்னால் கை தூக்க வேண்டும். 1938இன் கட்சிக் கட்டுப்பாடு இன்று கட்சித்தாவல் தடைச் சட்டமாகப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சொந்தச் சின்னத்துக்காகத் தலித் கட்சிகள் பிடிவாதம் பிடிப்பதைக் கௌரவப் பிரச்சினை என்று கேலி செய்கிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

மேலே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். சாலையையும் கிணற்றையும் திறக்கும் சட்டங்கள் மேலேதான் உருவாகின்றன. ஆனால் போகிறவர் தனியாகப் போகக்கூடாது. அதற்கு மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது களப்பணியாளர்களுக்கு. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அதை நம் பிரச்சினையாக எடுத்துப் போராட வேண்டும். மன்றம் இல்லாத ஆண்டுகளில் அதிகம் இழப்பவர்கள் நாம்தான். அதிகாரியிடம் தனியாகப் போய்க் காரியம் முடித்துக்கொள்ளும் செல்வாக்கு நமக்கு இல்லை.

இரண்டாவது, வார்டிலிருந்து ஒருவர் சட்டமன்றம் போனால் அவரை வார்டு விட்டுவிடக்கூடாது. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் அவரைத் தெருவுக்கு அழைத்து, என்ன கேட்டீர்கள், எதில் கை தூக்கினீர்கள் என்று கேட்க வேண்டும். அவமதிப்பதற்காக அல்ல. கட்சித் தலைமை ஒரு பக்கம் இழுக்கும்போது, என் மக்கள் கேட்பார்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பது நம் கடமை. 1953இல் அந்த நாற்காலியில் இருந்தவருக்குப் பின்னால் அப்படி ஒரு கூட்டம் நின்றிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் அவ்வளவு தனியாக இருந்திருக்கமாட்டார்.

மூன்றாவது மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும். இது இலக்கிய மேடை என்பதால் சொல்கிறேன். தலித் இலக்கியம் சேரியை எழுதியது, பசியை எழுதியது, வன்கொடுமையை எழுதியது. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு குழாய்க்காக வாதாடியவரை இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாகவாவது எழுதிவைத்தார். சிவசண்முகம் பிள்ளை 29 வயதில் தன் முன்னோடியைத் தொகுத்துவைத்தார். தொகுத்தவரைத் தொகுக்க வேண்டியது நம் பொறுப்பு. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. 1922, 1924, 1938, 1953 ஆண்டுகளின் தொகுதிகளை எடுத்துப் படியுங்கள். உங்கள் ஊரில் 1996இல் வென்ற முதல் தலித் வார்டு உறுப்பினர் இன்றும் உயிரோடு இருப்பார். போய் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை முறை நாற்காலி தராமல் நிற்கவைத்தார்கள், எந்தத் தெருவுக்கு விளக்குப் போட்டார், அடுத்த தேர்தலில் அவரை ஏன் நிறுத்தவில்லை என்று கேளுங்கள்.

44 தனித்தொகுதிகளில் இதுவரை வென்றவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் வார்டு உறுப்பினராகவோ ஊராட்சித் தலைவராகவோ இருந்தவர்கள்? இந்தக் கணக்கை எடுக்க ஒரு ஆராய்ச்சி மாணவர் போதும். எடுத்து வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவோம்.